ரயில் தடத்தை ஒட்டிய பசுமைவழி: பணி எங்கே சிக்கிக்கொள்கிறது?

நடைவாசி (கேள்வி)

புறநகர் மின்ரயில் ஓடும் இரட்டைத் தடம். அதன் ஓரமாக 3 கி.மீ. நீளத்துக்கு நடைபாதை, சைக்கிள் பாதை, மரங்கள் என்று ஒரு பசுமைவழி. கிடைக்கும் நிலப்பட்டை சில இடங்களில் 14 மீட்டர் அகலம், சில இடங்களில் 6 மீட்டர்தான். நடுவே ஒரு கல்வெர்ட் (தடத்துக்குக் கீழே நீர் போகும் சிறு பாலம்), ஒரு சாலைப் பாலம், ஒரு பகுதியில் 2 மீட்டர் உயர மண்கரை. 24 மாதத்தில் முடியும் என்று அறிவித்த வேலை நான்காவது ஆண்டிலும் முதல் 700 மீட்டரைத் தாண்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். காரணம் கேட்டால் "ரயில்வே ஒப்புதல் நிலுவையில் உள்ளது" என்று ஒற்றை வரி.

வெளியிலிருந்து பார்த்தால் 3 மீட்டர் அகலத்துக்குத் தார் போட்டு, வேலி கட்டி, செடி நடும் வேலைதான். பூங்காவுக்குள் இதே நீளத்துக்குப் பாதை போட்டால் சில மாதங்களில் முடிகிறது. தடத்தோரம் என்றால் மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கு? உண்மையில் நாளைத் தின்னும் படிகள் எவை, எவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம், எதை முதலில் முடித்தே ஆகவேண்டும்? பொதுவான ஆறுதல் வேண்டாம், கணக்கோடு சொல்லுங்கள்.

எல்லைக்கல்

தார் போடுமிடத்துக்கு வந்துவிட்டால் வேலை முடிந்த மாதிரிதான். நாள் போவது அதற்கு முன்னால், காகிதத்தில்.

முதல் சிக்கல் எல்லை. இப்போது வேலி நிற்குமிடம் எல்லை அல்ல. பழைய நிலப்படங்கள் பெரும்பாலும் தடத்தின் நடுக்கோட்டிலிருந்து அளந்து வரைந்தவை. பிறகு வளைவை நிமிர்த்தியிருப்பார்கள், இரண்டாவது தடம் சேர்த்திருப்பார்கள், நடுக்கோடே நகர்ந்திருக்கும். 14 மீட்டர் பட்டையில் ஒரு மீட்டர் பிசகினால் யாருக்கும் தெரியாது. 6 மீட்டர் பட்டையில் வடிவமைப்பே போயிற்று. கூட்டிப் பாருங்கள்: பாதை 3 மீட்டர், இருபுறமும் 0.6 மீட்டர் தோள் (பாதையோரம் விடும் வெற்றுப் பட்டை), வேலிக்கும் அதன் அடித்தளத்துக்கும் 0.5, திறந்த வாய்க்காலுக்கு 1.5. மொத்தம் 6.2. அதாவது எல்லை சரியாக இருந்தால்கூட அந்த இடத்தில் வாய்க்காலை மூடாமல் பாதை அடங்காது.

அடுத்தது, தடத்துக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளி. "7.5 மீட்டர் விடவேண்டும்" என்று ரயில்வேயிடமிருந்து ஒரு குறிப்பு வரும். எதிலிருந்து? தடத்தின் நடுக்கோட்டிலிருந்தா, அருகிலுள்ள தண்டவாளத்திலிருந்தா? 1435 மி.மீ. பாதையில் இந்த வித்தியாசம் 0.72 மீட்டர், 1676 மி.மீ. அகலப்பாதையில் 0.84 மீட்டர். இதைத் தெளிவாக்காமல் பாதி வரைபடங்கள் முடிந்த பிறகு எல்லாவற்றையும் அழித்து வரைவது சர்வ சாதாரணம். உலகம் முழுதும் ஒரே விதி என்று எதுவும் இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2002இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே ஓடும் தடங்களை ஒட்டி ஏற்கெனவே இருந்த பாதைகளின் இடைவெளி 2.1 மீட்டரிலிருந்து 30 மீட்டர் வரை பரவியிருந்தது. சராசரி 10 மீட்டருக்குச் சற்றே குறைவு. ஆக, பேசித்தான் தீர்க்கவேண்டும். ரயில்வே தரப்பில் பேசுகிறவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் இன்றைய தடம் அல்ல, என்றைக்கோ வரப்போகும் மூன்றாவது தடம். அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பதை முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடவேண்டும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு வட்டச் சிக்கல் உண்டு. நிதி தருபவர் "நில ஒப்பந்தம் எங்கே?" என்பார். ரயில்வே "60 விழுக்காடு முடிந்த வரைபடம் இல்லாமல் ஒப்பந்தம் பேசமாட்டோம்" என்பார்கள். வரைபடத்துக்கு நிதி வேண்டும். இந்த வட்டத்தை வெட்ட ஒரே வழி, பெரிய ஒப்பந்தத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஒப்பந்தம்: ரயில்வே பொறியாளர்கள் வரைபடத்தைப் படிக்கச் செலவிடும் நேரத்துக்குப் பணம் கட்டுகிறோம், ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை வாரம் என்று. இது இல்லாத திட்டத்தில் உங்கள் கோப்பு யாருடைய வேலைப் பட்டியலிலும் இருக்காது.

இன்னொன்று, நிலத்தைக் கொடுக்கும் வகை. எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமமாக மட்டும் கொடுத்தால், பொது நிதி தருபவர்கள் அதன்மேல் பணம் போடத் தயங்குவார்கள். இழப்பீட்டுப் பிரிவும் அப்படித்தான். பாதையில் போகிறவர் தடத்தில் இறங்கி அடிபட்டால் பொறுப்பு யாருக்கு என்ற ஒரு பத்தி, வழக்கறிஞர்களிடையே மாதக்கணக்கில் போய்வரும். வரம்பில்லாத பொறுப்பை ஏற்க உள்ளாட்சி அமைப்புக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லாமலும் இருக்கலாம். இதை வரைபடத்தோடு இணையாக ஓட்டவேண்டும். கடைசிக்கு விட்டவர்கள், டெண்டருக்குத் தயாராக இருந்தும் கையெழுத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

இரவுப்பணி

எல்லைக்கல் சொன்னது முன்பாதி. பின்பாதி பிளாக். அதாவது ரயிலை நிறுத்தி வேலைக்குத் தடத்தைக் கையில் கொடுக்கும் நேரம்.

புறநகர்த் தடத்தில் பகலில் கிடைக்காது. கடைசி வண்டி 00:45, முதல் வண்டி 04:30 என்று கொண்டால் 225 நிமிடம். இதில் அனுமதி வாங்கி உறுதிசெய்ய 20, மின்சாரம் துண்டித்து எர்த் கம்பி மாட்ட 30, இயந்திரத்தை இடத்துக்குக் கொண்டுவர 15. முடிக்கும்போது ஒதுங்க 20, எர்த் கழற்றி மின்சாரம் கொடுக்க 30, தடத்தை நடந்து பார்த்து ஒப்படைக்க 20, கைவசம் 15. ஆக 150 நிமிடம் சடங்குக்கே சரி. வேலைக்கு மிச்சம் 75 நிமிடம்.

இப்போது உங்கள் மண்கரைப் பகுதியில் 400 மீட்டருக்குத் தாங்குசுவர் என்று வைப்போம். 2 மீட்டருக்கு ஒரு தூண்குழி என்றால் 201 குழி. 450 மி.மீ. விட்டம், 6 மீட்டர் ஆழம், குழி ஒன்றுக்கு 25 நிமிடம் பிடித்தாலும் ஓர் இரவுக்கு 3. ஆக 67 இரவு. வாரத்துக்கு இரண்டு பிளாக் கிடைத்தால் 34 வாரம். நான்கில் ஒன்று ரத்தானால் 45 வாரம். ரத்தாவது நிச்சயம்: தடப் பராமரிப்பு, சிக்னல் வேலை, மழை எல்லாம் உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கும். பாதை வேலைதான் எப்போதும் கடைசி முன்னுரிமை.

கான்கிரீட்டையும் கணக்கில் எடுங்கள். ஒரு குழிக்கு 0.95 கனமீட்டர், மூன்றுக்கு 2.9 தான். இந்த அளவுக்கு நள்ளிரவில் கலவை ஆலையைத் திறந்து வைக்க யாரும் ஆசைப்படுவதில்லை. தோண்டிய குழியைத் தடத்தோரம் திறந்துவிட்டுப் போகவும் முடியாது. லாரி 40 நிமிடம் தாமதமானால் தோண்டிய குழியை மண் போட்டு மூடிவிட்டு, அந்த இரவை இழப்பில் எழுதிவிடவேண்டியதுதான்.

அதனால் கேட்கவேண்டிய கேள்வி: இந்த வேலைக்குப் பிளாக் தேவையா? நடைமுறைச் சோதனை எளிது. இயந்திரம் சாய்ந்தால் தடத்தையோ மேல்நிலை மின்கம்பியையோ தொடுமா? தடத்திலிருந்து 8 மீட்டரில் 12 மீட்டர் உயர ரிக் (குழி துளைக்கும் இயந்திரம்) நின்றால் தொடும், இரவு வேலை. அதே இடத்தில் 5 மீட்டர் உயரத்துக்குள் அடங்கும் சிறிய ரிக், சுழற்சிக்கும் உயரத்துக்கும் பூட்டு போட்ட மினி எக்ஸ்கவேட்டர் என்றால், இடையில் உறுதியான தடுப்பும் காவலாளும் இருந்தால், பகலில் அனுமதிக்க வாய்ப்பு உண்டு. கான்கிரீட் குழிக்குப் பதில், மண்ணுக்குள் அப்படியே திருகி இறக்கும் திருகுத் தூண் போட்டால் திறந்த குழிப் பிரச்சினையே இல்லை. ஒரு மீட்டர் விலை கூடுதலாகத் தெரியும், மொத்தத்தில் குறையும். இதை வடிவமைப்பாளர் யோசிக்காமல் ஒப்பந்தக்காரர் வந்த பிறகு யோசித்தால், மாற்றிய வரைபடம் மறுபடி ஒப்புதல் வரிசையில் போய் உட்காரும்.

சொல்ல மறந்தது: காவலாள் பற்றாக்குறை. தடத்தோர வேலையில் எச்சரிக்கைக்கு நிற்கவேண்டியவர் ரயில்வேயின் தகுதிச் சான்று பெற்றவராக இருக்கவேண்டும். பிளாக் கிடைத்து, ஆள் கிடைக்காமல் இரவு போன கதைகள் நிறைய.

நீர்மட்டம்

இருவரும் மண்ணுக்குள் இறங்கவில்லை.

ஒரு கி.மீ. பாதை, 3 மீட்டர் அகலம், 3000 சதுர மீட்டர் தார்ப்பரப்பு. 50 மி.மீ. மழைக்கு 150 கனமீட்டர் நீர். முன்பு மண் குடித்த நீர், இனி வழிந்து ஓடும். ரயில்வே தன் வாய்க்காலில் ஒரு சொட்டும் கூடுதலாக வாங்காது. ஜல்லிப் படுகையில் நீர் தேங்கினால் தடம் இறங்கும், அது அவர்கள் பக்கத்து நியாயம். அதனால் பாதையைத் தடத்துக்கு எதிர்ப்பக்கம் சரிக்கவேண்டும். சக்கர நாற்காலிக்காகக் குறுக்குச் சரிவு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. எதிர்ப்பக்கம் வீடுகளின் பின்சுவர் என்றால் அங்கேயும் விடமுடியாது.

வழக்கமான தீர்வு ஊறல் அகழி. ஒரு மீட்டர் அகலம், 0.8 மீட்டர் ஆழம், ஒரே அளவுக் கருங்கல் ஜல்லி, சுற்றிலும் ஜியோடெக்ஸ்டைல் (மண்ணைத் தடுத்து நீரை விடும் துணி). 35 விழுக்காடு வெற்றிடம் என்றால் மீட்டருக்கு 0.28 கனமீட்டர், கி.மீ.க்கு 280. காகிதத்தில் 150ஐத் தாராளமாகத் தாங்கும். ஆனால் களிமண்ணில் ஊறாது, மண்கரையின் அடிவாரத்தை ஒட்டி ஊறவிட்டால் கரை நெகிழும், அங்கே ரயில்வே மறுத்துவிடும். பிறகு மூடிய குழாய், அது போய்ச் சேர ஒரு கால்வாய், அந்தக் கால்வாய்க்கு இன்னொரு துறை. ஒரு சரிவுக் கோணத்தில் தொடங்கியது மூன்றாவது அலுவலகத்தில் போய் நிற்கும்.

கல்வெர்ட்டை நீட்டப்போகாதீர்கள். நீட்டினால் வெள்ளக் கணக்கு, மேற்பக்க நீர்மட்டம், பழைய கட்டுமானத்தின் வலிமை எல்லாம் நிரூபிக்கவேண்டும். தொழிற்சாலையில் செய்து வரும் 12 முதல் 15 மீட்டர் எஃகு நடைப்பாலத்தை, கல்வெர்ட்டைத் தொடாமல், இருபுறமும் தள்ளி வைத்த தாங்கிகளில் உட்காரவைப்பது சுலபம். தூக்கிவைக்க ஒரே ஒரு இரவு பிளாக்.

கேபிள்தான் மோசமான விஷயம். சிக்னல் கேபிள், தொலைத்தொடர்பு ஃபைபர், தனியார் குத்தகைக்கு எடுத்த ஃபைபர் எல்லாம் உங்கள் பாதை போகும் அதே ஓரத்தில்தான் ஓடும். படத்தில் 1 மீட்டர் ஆழம் என்று இருக்கும், தோண்டினால் 30 செ.மீ.இல் கிடைக்கும். தரை ஊடுருவும் ரேடார் உதவும், ஈரக் களிமண்ணில் உதவாது. 25 மீட்டருக்கு ஒன்றும், ஒவ்வொரு அடித்தளம் வருமிடத்திலும் ஒன்றும் கையால் சோதனைக்குழி தோண்டாமல் ஜே.சி.பி.யை உள்ளே விடக்கூடாது. ஒரு சிக்னல் கேபிள் அறுந்தால் சிக்னல்கள் சிவப்பில் நிற்கும், ரயில்கள் வரிசைகட்டும், விசாரணை முடியும்வரை உங்கள் 3 கி.மீ. முழுதும் பூட்டு. கேபிளை நகர்த்துவது உங்கள் ஒப்பந்தக்காரர் வேலையும் அல்ல. உரிமையாளர்தான் நகர்த்துவார், அவர் வசதிப்படி. ஆகவே இந்தக் கோரிக்கை முதல் மாதத்திலேயே போகவேண்டும்.

மண் பரிசோதனையும் அப்படியே. தடத்தோர மண்ணில் தண்டவாளத்துக்கு அடியில் போட்ட பழைய மரக் கட்டைகளின் கிரியோசோட் (மரம் மக்காமல் ஏற்றும் தார் எண்ணெய்), களைக்கொல்லி வழியாக வந்த ஆர்சனிக், நீராவி எஞ்சின் காலத்துச் சாம்பல், ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அள்ளி வெளியே கொண்டுபோனால் செலவு எகிறும். கீழே இருப்பது மாசுமண் என்று காட்டும் அடையாளத் துணி விரித்து, மேலே சுத்தமான மண் 30 முதல் 60 செ.மீ. போட்டு மூடுவது பல இடங்களில் ஏற்கப்படும் முறை. ஆனால் தரைமட்டம் அரை மீட்டர் ஏறினால் வேலி உயரம், சரிவு, வடிகால், கல்வெர்ட் தாங்கி எல்லாம் மாறும். வரைபடம் முடிந்த பிறகு மண் முடிவு வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நடைவாசி

மிக்க நன்றி, மூவருக்கும். இரண்டு சந்தேகம். வேலியாவது முதலில் கட்டிவிடலாமே, அதற்கு ஏன் இவ்வளவு நாள்? இரண்டாவது, தடத்தையே புதுப்பிக்கும் பெரிய வேலை நடக்கும்போது இதையும் அதற்குள் சேர்த்துவிட்டால் எல்லா பிளாக்கும் ஒன்றாகக் கிடைத்துவிடாதா?

இரவுப்பணி

வேலி: மின்ரயில் என்கிறீர்கள். 25 கிலோவோல்ட் மாறுமின்சாரக் கம்பிக்கு இணையாக நீளமாக ஓடும் உலோக வேலியில் தூண்டல் மின்னழுத்தம் ஏறும். அதைத் துண்டு துண்டாக்கி, இடையில் மின்கடத்தாப் பலகை வைத்து, ஒவ்வொரு துண்டையும் எர்த் செய்யவேண்டும். ஐரோப்பியத் தரமான இஎன் 50122-1 நீடித்த தொடுமின்னழுத்தத்துக்கு மாறுமின்சாரத்தில் 60 வோல்ட், நேர்மின்சாரத்தில் 120 வோல்ட் என்று வரம்பு வைக்கிறது. இந்தக் கணக்கைப் பார்ப்பது மின்பிரிவு. அடித்தளத்தைப் பார்ப்பது சிவில் பிரிவு. கேபிளைப் பார்ப்பது சிக்னல் பிரிவு. ஓட்டுநருக்குச் சிக்னல் மறைகிறதா என்று பார்ப்பது இயக்கப் பிரிவு. "ரயில்வே ஒப்புதல்" என்று ஒருமையில் சொல்வதே தவறு. நான்கைந்து ஒப்புதல்கள், ஒருவர் குறிப்பு இன்னொருவர் குறிப்போடு மோதும். வேலியைப் பாதைக்கு நெருக்கி வை என்று ஒருவர், தடத்துக்கு நெருக்கி வை, பராமரிப்பு வண்டிக்கு வழி வேண்டாம் என்று இன்னொருவர். மோதலைத் தீர்க்க ரயில்வே தரப்பில் ஒரே ஓர் ஒருங்கிணைப்பாளரை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கவேண்டும்.

எல்லைக்கல்

பெரிய வேலையோடு சேர்ப்பது இருமுனைக் கத்தி. அமெரிக்காவின் பாஸ்டனில் ஆரஞ்சு லைன் மெட்ரோ தடத்தை இடம் மாற்றியபோது கூடவே கட்டிய சவுத்வெஸ்ட் காரிடார் பூங்கா, சுமார் 7.5 கி.மீ., தட வேலையோடு ஒன்றாக நிறைவேறியது, புதிய தடம் 1987இல் திறந்தது. இது நல்ல பக்கம். அதே ஊருக்குப் பக்கத்து சோமர்வில்லில் கிரீன் லைன் என்ற நகர ரயில் தடத்தின் நீட்டிப்போடு ஒரு பாதையைச் சேர்த்தார்கள். 2015இல் மொத்தத் திட்டத்தின் செலவு கைமீறியபோது கத்தரி பாதைமேலும் விழுந்தது, பிறகு 2017 ஒப்பந்தத்தில் மீண்டும் உள்ளே வந்தது. ரயில்கள் 2022 மார்ச்சிலும் டிசம்பரிலும் இரண்டு கட்டமாக ஓடத் தொடங்கின, பாதை 2023 ஜூனில்தான் திறந்தது. பிளாக் கிடைக்கும், ஆனால் உங்கள் தலைவிதி பெரியண்ணன் கையில்.

என் கருத்து: தாங்குசுவர், கேபிள் குழாய், வேலி அடித்தளம், பாலத் தாங்கி ஆகியவற்றை, அதாவது பிளாக் தேவைப்படுவதை மட்டும், தட வேலைக்குள் தள்ளுங்கள். தார், விளக்கு, செடி தனி ஒப்பந்தம்.

மரவேர்

செடியைக் கடைசியில் சொல்கிறீர்கள், எல்லாரும் அப்படித்தான். அதனால்தான் பசுமைவழி திறக்கும்போது பசுமை இருப்பதில்லை.

நட ஒரு பருவம்தான் உண்டு. சிவில் வேலை ஆறு வாரம் பிந்தி அந்தப் பருவத்தைத் தவறவிட்டால், நடவு கிட்டத்தட்ட ஓராண்டு தள்ளும். வளர்ந்த கன்றுகளை நாற்றங்காலில் 12 முதல் 24 மாதம் முன்பே சொல்லிவைக்கவேண்டும். சொல்லிவைத்து இடம் தயாராகாவிட்டால், தொட்டியிலேயே வேர் சுருண்டு, நட்ட பிறகு காற்றுக்குச் சாயும். மரக்கட்டுப்பாடும் ரயிலோடு சேர்ந்தது: முழு வளர்ச்சி உயரம் தடத்துக்கான தூரத்தைவிடக் குறைவாக இருக்கவேண்டும். 9 மீட்டர் தள்ளி நடுவதென்றால் 9 மீட்டருக்கு மேல் போகாத இனம். அகல இலையை மொத்தமாக ஒரே வாரத்தில் உதிர்க்கும் மரம் வேண்டாம். இலை தண்டவாளத்தில் நசுங்கி வழுக்கும் படலமாகும், வண்டி நிற்கும் தூரம் கூடும். ஒடிந்த கிளை மின்கம்பியில் விழுந்தால் என்ன என்பதும் அதே கணக்குதான். ஏற்கெனவே உள்ள புதரை அகற்றுவதற்கும் பல நாடுகளில் பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் தடை உண்டு. அந்த மாதங்கள் நாட்காட்டியில் சிவப்பில் இல்லை என்றால், பொக்லைன் வந்து நின்று வாடகை ஓடும்.

நட்ட பிறகு முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் தண்ணீர் ஊற்றுவது யார்? இந்தப் பெயர் எழுதப்படாமல் பாதையை ஏற்றுக்கொள்ள மறுக்கும் அமைப்புகள் உண்டு. மறுப்பதும் சரிதான்.

நடைவாசி

அப்படியானால் நிலுவை என்று சொல்பவர்களிடம் எதைக் கேட்டால் உண்மை நிலை தெரியும்? கட்டிய 700 மீட்டரை மட்டும் இப்போதே திறக்க வழி உண்டா?

எல்லைக்கல்

"எப்போது முடியும்?" என்று கேட்காதீர்கள். வரைபடங்கள்மேல் ரயில்வே எழுதிய குறிப்புகளின் பதிவேட்டைக் கேளுங்கள். மொத்தக் குறிப்புகள் எத்தனை, திறந்திருப்பவை எத்தனை, மிகப் பழைய திறந்த குறிப்பின் தேதி என்ன, பந்து யார் பக்கம். பழையது 14 மாதம் முந்தையது, பதில் சொல்லவேண்டியது வடிவமைப்பாளர் என்று வந்தால், ரயில்வேமேல் பழி போடமுடியாது. அடுத்து, வரும் காலாண்டின் பிளாக் திட்டத்தில் இந்த வேலையின் பெயர் இருக்கிறதா. இல்லையென்றால் அந்தக் காலாண்டில் தடத்தோரம் ஒன்றும் நடக்காது, அறிக்கையில் எது எழுதியிருந்தாலும். கேபிள் நகர்த்த உரிமையாளர் எழுத்தில் கொடுத்த தேதி. நிதி காலாவதியாகும் தேதி. ஆண்டுக்கு 6 விழுக்காடு விலையேற்றம் என்று வைத்தாலே மூன்றாண்டு தாமதத்தில் 19 விழுக்காடு கூடுகிறது, பழைய மதிப்பீட்டில் டெண்டர் விட்டால் யாரும் வரமாட்டார்கள். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீர்மட்டம்

700 மீட்டரைத் திறக்கலாம், மறுமுனையில் வெளியேற வழி இருந்தால். இருபுறமும் வேலி, முனையில் சுவர் என்றால் அது பாதை அல்ல, பொறி, ஆம்புலன்ஸும் திரும்பமுடியாது. மயாமியில் மெட்ரோரயிலுக்குக் கீழே 16 கி.மீ. திட்டமிட்ட அண்டர்லைன் என்ற பாதை, 2021இல் முதல் 800 மீட்டரை மட்டும் திறந்தது. அங்கே பாதை தரைமட்டத்தில் போகிறது, தெருக்கள் குறுக்கே வருகின்றன, அதனால் முடிந்தது.

உங்கள் முனை 2 மீட்டர் மண்கரைமேல் நின்றால் இறக்கம் வேண்டும். 1:20 சரிவுக்கு 40 மீட்டர் நீளம். 1:12 என்றால் 24 மீட்டர் ஓட்டம், ஒரு ஓட்டத்தில் 76 செ.மீ.க்கு மேல் இறங்கக்கூடாது என்பதால் மூன்றாகப் பிரித்து இடையில் 1.5 மீட்டர் தளம் இரண்டு, ஆக 27 மீட்டர், மேலும் கைப்பிடி. தற்காலிகம் என்றாலும் மரப்பலகையும் இரும்புச் சட்டமுமாக இதைக் கட்டிவிடலாம். அந்த 27 மீட்டர் எந்தப் பக்கம் இறங்குகிறது, அந்த நிலம் யாருடையது என்பதை மட்டும் முதலில் பாருங்கள். தடத்தின் பக்கம் இறங்கினால் மறுபடி முதல் படியிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும்.